ஓரிரு இடங்களில்

போன மாதம் உங்கள் வானிலைப் பயிற்சி வகுப்புக்கு என்னைப் பேச அழைத்திருந்தார்கள். சற்று முன்னதாகவே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். நான் யாரென்று உங்களில் யாருக்கும் தெரியாது. அன்றைய முன்னறிவிப்பைத் திரையில் போட்டு ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். "ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்" என்ற வரி வந்ததும் வகுப்பே சிரித்தது. "பேஞ்சாலும் சரி, பேயலைன்னாலும் சரி, நாம தப்பிச்சுக்கலாம்" என்றார் எனக்கு முன்னால் இருந்தவர்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் வயதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால் என்ன நடந்தது என்பதை அன்றே மேடையில் சொல்லியிருக்க வேண்டும். மாலை போட்டு நாற்காலியில் உட்கார வைத்த பிறகு அதைச் சொல்ல வாய் வரவில்லை. கருவிகளைப் பற்றி ஏதோ பேசிவிட்டு வந்துவிட்டேன். சொல்லாமல் விட்டதை இப்போது எழுதி அனுப்புகிறேன்.

எழுபதுகளின் பிற்பகுதியில் நான் ஆரணியில் வேலை பார்த்தேன். ஊருக்கு வெளியே இருந்த விதைப்பண்ணையில் ஒரு சிறிய வானிலை நிலையம் இருந்தது. அதற்கு நான் ஒருவனே ஆள். காலையும் மாலையும் கருவிகளைப் பார்த்துக் குறிப்பதும், மழை பெய்தால் அளந்து தந்தி கொடுப்பதும்தான் வேலை. யாரும் என்னை முன்னறிவிப்பு செய்யச் சொல்லவில்லை. அதை நானாகத்தான் தொடங்கினேன்.

சனிக்கிழமைதோறும் சென்னையிலிருந்து ஒரு தந்தி வரும். அடுத்த மூன்று நாளுக்கான வானிலை அதில் இருக்கும். நான் அதை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போய், பஸ் ஸ்டாண்டை ஒட்டிய உர டிப்போவின் சுவரில் மாட்டியிருந்த கரும்பலகையில் எழுதுவேன். செய்யாறு, வந்தவாசி, சேத்துப்பட்டு பஸ்கள் எல்லாம் அங்கேதான் நிற்கும். ஆரம்பத்தில் மூன்று நாளுக்கு மட்டும் எழுதினேன். ஆட்கள் நின்று படிப்பதைப் பார்த்ததும் ஆசை வந்தது. காற்றழுத்தம், காற்றின் திசை, முந்தைய வருடங்களின் குறிப்பு எல்லாவற்றையும் வைத்து ஒரு வாரத்துக்கே எழுத ஆரம்பித்தேன். முதல் மூன்று நாள் சென்னையுடையது. மீதி நாலு நாளும் என் சொந்தச் சரக்கு. பலகையில் அதைப் பிரித்துக் காட்டவில்லை. ஊரில் அந்தப் பலகைக்கு 'வாரபலன்' என்று பேரே வைத்துவிட்டார்கள்.

பாதி கேலிதான். ஆனாலும் படித்தார்கள். தையிலும் மாசியிலும் என் வாரபலன் பெரும்பாலும் பலித்தது. அந்த மாதங்களில் வானம் ஒழுங்காக நடந்துகொள்ளும், அவ்வளவுதான். என் திறமை என்று நான் நினைத்துக்கொண்டேன். டீக்கடையில் எனக்கு எழுந்து இடம் விடுவார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் பந்தல் போடுவதற்கு முன்னால் பண்ணைவரை வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். இருபத்தெட்டு வயதில் அது ஒரு போதை.

பங்குனி வேறு மாதிரி. காலையில் துடைத்துவிட்டதுபோல வானம் நீலமாக இருக்கும். பகல் ஏற ஏறப் புழுக்கம் கூடும். மேற்கே ஜவ்வாது மலைக்குமேல் ஒரு மேகம் மொட்டுவிடும். சில நாள் அது அங்கேயே கரைந்துவிடும். சில நாள் இரண்டு மணி நேரத்தில் மலைபோல் வளர்ந்து, இறங்கி வந்து, ஒரு ஊரை அடித்து நொறுக்கிவிட்டு அடுத்த ஊரைத் தொடாமல் போய்விடும். எந்த ஊர் என்று சொல்ல அன்றைக்கு யாராலும் முடியாது. உங்கள் ராடார்களை வைத்துக்கொண்டு இன்றைக்கும் ஒரு வாரம் முன்னால் சொல்ல முடியாது.

நான் சொல்லும் வருடத்தில் பங்குனி நடுவில் ஒரு சனிக்கிழமை, தந்தியில் வந்ததை அப்படியே எழுதினேன். ஓரிரு இடங்களில் இடியுடன் மழை. அந்த வாரம் ஆரணியில் ஒரு சொட்டு விழவில்லை.

அந்தப் புதன்கிழமையே பட்டு நெசவாளர்கள் நாலைந்து பேர் பண்ணைக்கு வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் பெயர் ஏகாம்பரம். ஒரு தெருவே அவர் பேச்சைக் கேட்கும். பாவு என்னும் நீளவாட்டுப் பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைத்த பிறகுதான் தறியில் ஏற்ற முடியும். தெருவில் பாவு நிற்கும்போது மழை வந்தால் அத்தனை பட்டும் பாழ்.

"இன்னா சார் இது? நாலு நாளா தெருவுல பாவு போடாம உக்காந்துகினு கீறோம். வானத்த பாத்து பாத்து கழுத்து சுளுக்கிகிச்சி" என்றார்.

"ஓரிரு இடங்களில்னு போட்டிருந்தேனே" என்றேன்.

"அந்த ஓரிரு இடம் எங்க கீதுன்னு சொல்லுங்க, நாங்க போயி பாத்துட்டு வர்றோம்."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். பண்ணை ஆட்களும் சிரித்தார்கள். அன்று சாயங்காலம் டீக்கடையில் நான் நுழைந்தபோது யாரோ, "ஓரிரு டீ போடுப்பா, சார் வந்துட்டாரு" என்றார். வெளியே நானும் சிரித்து வைத்தேன். உள்ளே எரிந்தது. அடுத்த தடவை தெளிவாக எழுதிக் காட்டுகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமையும் தந்தியில் அதே வாக்கியம் வந்தது. மழை இருக்கலாம், ஓரிரு இடங்களில். உர டிப்போவின் சுவருக்கு முன்னால் சாக்பீஸோடு நின்றேன். நவரை நெல் முற்றிச் சாய்ந்து நின்ற நேரம் அது. சுற்று வட்டாரமே அறுப்புக்குத் தயாராக இருந்தது. கருவிகள் எதுவும் பெரிதாகக் காட்டவில்லை. ஒரு வாரமாக மழை பெய்யவில்லை. 'வரும் வாரம் வறண்ட வானிலை. அறுவடைக்கு ஏற்றது' என்று பெரிய எழுத்தில் எழுதினேன். எழுதி முடித்ததும் மனசு லேசாக இருந்ததை இன்றைக்கும் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

திரும்பினால் பின்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். கன்னியம்மாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஊர். நாற்பது வயது இருக்கும். அறுப்புக்குப் போகும் பெண்கள் குழுவுக்கு அவர்தான் தலைவி. எந்த வயலை எப்போது எடுப்பது என்று பேசி முடிப்பவர் அவரே. அவருக்குப் படிக்கத் தெரியாது. சனிக்கிழமைகளில் வந்து யாரையாவது படித்துச் சொல்லச் சொல்வார். அன்று என்னையே கேட்டார்.

"இன்னா சார் எழுதிகிறீங்க? படிச்சி சொல்லுங்க."

படித்துச் சொன்னேன்.

"அரிசி மில்காரரு வயலு பெருசு. எறங்கினா நாலு நாளு ஆவும். நடுவுல மழ கிழ வந்துடாதே?"

"வராதும்மா. தைரியமா இறங்குங்க."

'தைரியமா' என்று சொன்னேன். தந்தி என் சட்டைப் பையில் இருந்தது.

ஞாயிறு வெயில். திங்கள் வெயிலும் புழுக்கமும். செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் காற்று அடியோடு நின்றது. இலை அசையவில்லை. ஒன்றரை மணிக்கு மேற்கே பார்த்தேன். மலைக்குமேல் மேகம் எழுந்திருந்தது. இரண்டு மணிக்குள் அதன் தலை தட்டையாகி, கிழக்குப் பக்கம் விரிய ஆரம்பித்துவிட்டது. நமக்கு அதைவிடத் தெளிவான கடிதம் யாரும் எழுதப் போவதில்லை. இங்கேதான் வருகிறது என்று எனக்குத் தெரிந்தது.

அப்போதே சைக்கிளை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. முழுதாக அரை மணி நேரம் அந்த மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சனிக்கிழமை அவ்வளவு பெரிய எழுத்தில் எழுதிவிட்டு, செவ்வாய்க்கிழமை நானே போய் ஓடுங்கள் ஓடுங்கள் என்று கத்துவதா? மேகம் வழியில் கரைந்துவிட்டால்? மறுபடி சிரிப்பார்களே? இதெல்லாம்தான் அந்த அரை மணி நேரம் என் மண்டைக்குள் ஓடியது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூட.

இரண்டரைக்குக் கிளம்பினேன். ஆற்றைக் கடக்கும்போது புழுதிக் காற்று முகத்தில் அறைந்தது. வயல்கள் இருட்டிவிட்டன. சைக்கிளை மிதிக்க முடியாமல் தள்ளிக்கொண்டு ஓடினேன். மில்காரர் வயல் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வெள்ளையாக ஒரு வெளிச்சம் வந்தது. அதோடு சேர்ந்தே சத்தம். காது அடைத்துக்கொண்டது. அப்புறம் ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது.

வயல் ஓரத்தில் இரண்டு பனைமரங்கள். மழை வரப்போகிறதென்று ஒதுங்கி அவற்றின் அடியில் நின்றிருக்கிறார்கள். நான் போனபோது பெண்கள் சிதறிக் கிடந்தார்கள். சிலர் எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒரு பெண் மட்டும் அசையவில்லை. கன்னியம்மாள் அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டார்.

"சரசு. ஏ சரசு. எழுந்திரு கண்ணு. மழ பேயுது பாரு. எழுந்திரு, வூட்டுக்குப் போவலாம்."

சரசு கன்னியம்மாளின் தங்கை. உடம்பில் காயம் எதுவும் இல்லை. கழுத்தில் மட்டும் தாலிக் கயிறு இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு கோடு. மாட்டு வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நானும் ஒரு பக்கம் பிடித்துத்தான் ஏற்றினேன். டாக்டர் பார்த்துவிட்டு உயிர் இல்லை என்று தலையை அசைத்தார். அவளுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "இடி எங்க உழும்னு யாருக்கு சார் தெரியும்?" என்று அந்த ஊர்க்காரர்களே எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை என் மேலதிகாரி வந்தார். நல்ல மனிதர். எனக்கு அந்த வேலை கிடைத்ததற்கே அவர் காரணம். பலகையில் நான் எழுதியது மேலிடத்துக்குத் தெரிந்துவிட்டது, எழுத்தில் விளக்கம் கேட்கிறார்கள் என்றார். அப்புறம் நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தந்தி வரத்துக்கு முன்னாடியே பலகையில எழுதிட்டேன்னு போட்டுடுப்பா. தந்தி லேட்டா வர்றது சகஜம்தானே. யாரும் நோண்டப் போறதில்ல. கைக்குழந்தையோட கீற நீ. வேலைய விட்டுட்டு இன்னா பண்ணுவ?"

அவர் போன பிறகு வெள்ளைத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தேன். இரவு வரை அது வெள்ளையாகவே இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. தந்தி வந்தது. அதே வாக்கியம். அதை எடுத்துக்கொண்டு உர டிப்போவுக்குப் போனேன். பலகையில் என் எழுத்து அப்படியே இருந்தது. 'அறுவடைக்கு ஏற்றது.' ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அழிக்கவும் முடியாமல், புதிதாக எழுதவும் தோன்றாமல் நின்றேன். இனி இந்தப் பலகையே வேண்டாம், கழற்றிக்கொண்டு போய்விடலாம் என்ற முடிவுக்குக்கூட வந்துவிட்டேன்.

அப்போது கன்னியம்மாள் வந்தார். நாலு நாள் சாவு வீட்டில் இருந்த முகம். நேராக என்னிடம் வந்து நின்றார்.

"சார், போன வாரம் உங்களுக்குத் தந்தி வந்துச்சாமே. மழன்னு போட்டிருந்துச்சாமே. தந்திக்காரரு டீக்கடையில சொல்லிகினு இருந்தாரு. மெய்யா?"

பஸ்ஸுக்கு நின்ற ஏழெட்டுப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்கப்புறம் வந்தது என்று, அதிகாரி சொல்லிக்கொடுத்ததையே சொல்லியிருக்கலாம். அவரால் எதையும் சரிபார்க்க முடியாது. அதனால்தானோ என்னவோ, அவரிடம் என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"மெய்தாம்மா."

"இப்ப உங்களாண்ட கீதா அது?"

அந்த ஒரு வாரமாகப் பழைய தந்தியைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். எடுத்தேன்.

"படிங்க."

இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னேன்.

"ஓரிரு இடம்னா?"

"எங்கியாவது ஒண்ணு ரெண்டு இடத்துல பெய்யும்னு அர்த்தம். எந்த இடம்னு சொல்ல முடியாது."

"அது நம்ம இடமாவும் இருக்கலாமா?"

"இருக்கலாம்."

"அப்ப ஏன் சார் எழுதல?"

சேத்துப்பட்டு பஸ் வந்து நின்றது. ஒருவரும் ஏறவில்லை.

"அதுக்கு முந்தின வாரம் எழுதினேன். மழ வரல. எல்லாரும் சிரிச்சாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"சிரிச்சா இன்னா சார்?" என்றார்.

நாற்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. அந்தக் கேள்விக்கு நீங்கள் யாராவது பதில் கண்டுபிடித்தால் எனக்கும் எழுதுங்கள்.

அவர் பலகையைக் காட்டினார். "சரி, இந்த வாரத்துக்கு எழுதுங்க. திங்கக்கெழம திரும்பி வயல்ல எறங்கணும்."

"மறுபடி போறீங்களா?"

"போவாம? நெல்லு கொட்டிகினு கீது. அத்தினி பேரு வூட்டுலயும் அடுப்பு எரியணும். தங்கச்சி கொழந்த இப்ப எங்கிட்டதான் கீது. நீங்க எழுதலன்னா நான் யாரப் போயி கேக்கறது?"

பலகையை அழித்தேன். இப்படி எழுதினேன்: 'சென்ற சனிக்கிழமை நான் எழுதியது தவறு. தந்தியில் மழை என்று இருந்ததை நான் எழுதவில்லை. வரும் வாரம் எந்த நாளும் இடியுடன் மழை வரலாம். எந்த ஊரில் என்று எனக்குத் தெரியாது. இடிச் சத்தம் கேட்டால் வயலில் நிற்க வேண்டாம். மரத்தடியில் நிற்கவே வேண்டாம். கட்டடத்துக்குள் போய்விடவும்.' அதைக் கன்னியம்மாளுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். கடைசி வரிகளை அவர் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் அதே வார்த்தைகளை அந்த வெள்ளைத் தாளிலும் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன்.

வேலை போகவில்லை. கண்டனம் தெரிவித்து உத்தரவு வந்தது. என் பணிப் பதிவேட்டில் அது கடைசி வரை இருந்தது. மேலதிகாரி ஆறு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் வருத்தத்திலும் நியாயம் இருந்தது.

திங்கட்கிழமை ஏகாம்பரம் தனியாக வந்தார். மழைமானி வைத்திருந்த வேலிக்கு வெளியே வெகு நேரம் நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"அன்னிக்கி நாங்க சிரிச்சிருக்கக் கூடாது சார்."

"உங்க தப்பு இல்லீங்க."

"ஒண்ணு கேக்கலாமா? இந்தக் கோட மழ எந்நேரத்துல வரும்?"

"அநேகமா ரெண்டு மணிக்கு மேல. சாயங்காலத்துக்குள்ள."

"காத்தால வராதா?"

"பங்குனி, சித்திரையில ரொம்ப அபூர்வம்."

அவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நாங்க விடியறதுக்கு முன்னாடியே பாவு கட்டிடுவோம் சார். ஒம்போது மணிக்கெல்லாம் சுருட்டிகினு போயிடுவோம். மத்யானம் மழ வந்தா எங்களுக்கு இன்னா? அந்த ஒரு வார்த்த மத்யானம்னு போட்டிருந்தா, நாலு நாளு நாங்க பேஜார் ஆயிருக்க மாட்டோம். உங்களாண்ட வந்து சத்தமும் போட்டிருக்க மாட்டோம்."

எத்தனையோ மாதமாக அந்த ஊருக்கு வானிலை எழுதிக்கொண்டிருந்தேன். எந்தத் தொழில்காரருக்கு எந்த நேரத்து வானம் முக்கியம் என்று ஒருவரைக்கூட நான் கேட்டதில்லை. அந்த வாக்கியத்தில் என்ன பிழை என்று தேடிக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியம் ஒழுங்காகத்தான் இருந்தது. எங்கே பெய்யும் என்பது தெரியாது என்று அது நேர்மையாகச் சொன்னது. எப்போது பெய்யும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் விட்டேன், தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதினேன். பிழை இவ்வளவுதான். இதற்கு ஒரு உயிர் போனது.

அதற்கப்புறம் நான் பலகைக்கு முன்னால் நின்று எழுதுவதைக் குறைத்துக்கொண்டு, கேட்பதை அதிகமாக்கினேன். செங்கல் சூளைக்காரர், களத்தில் மணிலாக்கொட்டை காயவைப்பவர், பந்தல் போடுபவர் என்று போய்ப் போய்க் கேட்டேன். கன்னியம்மாள் குழு பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் விடியற்காலை நாலு மணிக்கே வயலில் இறங்க ஆரம்பித்தது. அது அவர்களாகவே எடுத்த முடிவு. பலகையில் சென்னை சொன்னதைத் தனியாகவும், நான் நினைப்பதைத் தனியாகவும், நடுவில் கோடு போட்டு எழுதினேன்.

அப்படியும் அந்த அரை மணி நேரம் என்னை விடவில்லை. அன்று நான் இரண்டு மணிக்கே கிளம்பியிருந்தாலும் ஒரு வயலுக்குத்தான் போயிருக்க முடியும். மேகம் சைக்கிளைவிட வேகமாக வருகிறது. ஆகவே மில்காரரிடம் போனேன். அவர் அரிசி மில்லில் வேலை நேரத்துக்கு ஊதும் சங்கு ஒன்று இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும். மலைமேல் மேகம் தட்டையாக விரிந்தால் பண்ணையிலிருந்து போன் செய்கிறேன், மூன்று தடவை விட்டு விட்டு ஊதுங்கள் என்று கேட்டேன்.

"நேரங்காலம் இல்லாம ஊதினா, மில்லு தீப்பிடிச்சிகிச்சின்னு ஊரே ஓடியாந்துடும் சார்" என்றார். ஆனாலும் அவர் வயலில்தானே அது நடந்தது. கடைசியில் சம்மதித்தார்.

அடுத்த வருடப் பங்குனியில் சங்கு ஊத ஆரம்பித்தோம். இரண்டு முறை ஊதிய பிறகு நல்ல மழையும் இடியும் வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மற்ற நாட்களில் மேகம் எங்கேயோ திரும்பிப் போய்விட்டது. இங்கே ஒரு துளியும் இல்லை. ஒவ்வொரு முறையும் போனைக் கையில் எடுக்கும்போது அந்தப் பழைய சிரிப்பு ஞாபகம் வரும். எடுக்காமல் இருந்ததில்லை. ஊரில் வழக்கம்போலக் கேலி. பலர் சங்குச் சத்தத்துக்கு நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். கன்னியம்மாள் குழு மட்டும் ஒவ்வொரு முறையும் கரையேறிப் பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும்.

சித்திரை ஆரம்பத்தில் ஒரு நாள் மில்காரர் வயலிலேயே அறுப்பு. காலையில் அறுத்ததைக் கட்டுக் கட்டிக் களத்துக்குச் சுமப்பது பிற்பகல் வரை இழுத்துவிட்டது. இரண்டு மணிக்கு மேற்கே மேகத்தைப் பார்த்தேன். போன் செய்தேன். சங்கு ஊதியது. அன்று என்னவோ மனசு கேட்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு நானும் போனேன். பெண்கள் பள்ளிக்கூடத்து வகுப்பறையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நானும் வாசல்படியில் உட்கார்ந்தேன். தூரத்தில் இரண்டு தடவை உறுமியது. காற்று கொஞ்சம் வீசியது. முக்கால் மணி நேரம் போயிருக்கும். மேகம் வடக்கே வேலூர் பக்கமாக ஒதுங்கிப் போய்விட்டது.

மில்காரர் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். அறுத்த நெல் வயலிலேயே கிடந்தது. வண்டிகள் காத்துக்கொண்டு நின்றன.

"இன்னா சார் இது? என் சங்கையே ஊதி என் வேலையையே நிறுத்தறீங்க. இந்த மாசத்துல இது எத்தினியாவது தடவ? ஒரு பொட்டு மழ உழுந்துச்சா? ஒரு இடி இடிச்சிச்சா? இன்னா ஆச்சி இங்க? சொல்லுங்க, இன்னா ஆச்சி?"

என்னிடம் பதில் இருந்தது. மேகத்தின் உயரம், காற்றின் திசை, எல்லாவற்றையும் சொல்லத் தயாராக எழுந்தேன். அதற்குள் உள்ளே இருந்து கன்னியம்மாள் வாசலுக்கு வந்தார். தங்கையின் குழந்தை அவர் இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் ஆவல சார்" என்றார், என்னைப் பார்க்காமல் மில்காரரைப் பார்த்து. "அதுக்குத்தான ஊதனது."

மில்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கன்னியம்மாள் குழந்தையைக் கொண்டுபோய் வகுப்பறை மூலையில் ஒரு பெண்ணிடம் படுக்க வைத்துவிட்டு வந்தார். மற்றவர்கள் எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக வரப்பில் இறங்கி நடந்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது.